சட்டைப் பையில் ஒரு நட்டு

பழைய ஆலை விளக்குகளைத் தேடிப்பிடித்து, துரு எடுத்து, வீடுகளில் தொங்கவிடுவது என் தொழில். தொங்கவிட்ட பிறகு விழுந்துவிடுமோ என்று பயப்படுவது உபதொழில். எதையாவது அடுத்தவர் தலைக்கு மேல் மாட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும்.

எட்டுக் கிலோ

பாறசாலையில் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கிரிக்கடையில்தான் அதைப் பார்த்தேன். மூடிப்போன முந்திரி ஆலையில் எரிந்த விளக்கு. பச்சை எனாமல் பூசிய இரும்புக் குடை. பார்த்ததும் ஆசை வந்தது. தூக்கியதும் பயம் வந்தது. எட்டுக் கிலோவாவது இருக்கும். "விழுந்தா என்ன ஆவும்?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் குடையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளக்குக்கு ஒண்ணும் ஆவாது, கேட்டியளா."

துவைக்கப் போட்ட சட்டை

பெருங்கடவிளையில் ஜெஸ்ஸி டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேல் அதை மாட்டினேன். விளக்கின் கழுத்தைச் சங்கிலியோடு பிடித்திருப்பவை இரண்டு நட்டுகள். இரண்டையும் முறுக்கியதாகத்தான் நினைப்பு. மறுநாள் காலை வேலைச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு நட்டு கிடந்தது. அப்படியானால் விளக்கில் ஒன்றுதான் இருக்கிறது.

அன்று மதியம்தான் டீச்சர் மகளுக்குக் கல்யாணம் உறுதிசெய்ய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். விளக்கு விழலாம் என்று நல்ல நாளில் எப்படிச் சொல்வது? போனில், விளக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்: "நல்ல அம்சமாட்டு உண்டு. மாப்பிளைக்க அப்பாவ அதுக்கு நேரே கீழயாக்கும் இருத்தப்போறேன்."

போதகரின் நாற்காலி

பைக்கில் பறந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் மேஜையில் உட்கார்ந்தாகிவிட்டது. போதகர் எழுந்து சாப்பாட்டு ஜெபத்தைத் தொடங்கினார். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, போதகரின் காலி நாற்காலியில் ஏறி, மாப்பிள்ளையின் அப்பா தலைக்கு மேலே கையை நீட்டித் தடவினேன். ஒன்று இருந்தது. இரண்டாவதும் இருந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறங்குவதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது. போதகர் உட்காரத் திரும்பினார். நாற்காலியில் நான் நின்றுகொண்டிருந்தேன். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் அண்ணாந்து என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "ஆமென் சொல்லியாச்சு. இனி எறங்கலாம், மக்கா."

மிச்ச நட்டு

கல்யாணம் உறுதியாகிவிட்டது. நிம்மதியாக வீட்டுக்கு வந்து, கட்டிலில் படுத்திருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அந்த நட்டைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு மேலே சுற்றிக்கொண்டிருந்த பேனைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டு சொன்னாள்: "நீங்க தொடச்சி மாட்டினதுல இருந்து அது கெடந்து ஆடுதேன்னு நான் ரெண்டு நாளாட்டுச் சொல்லுதேன்."

ஆகவே, தலைக்கு மேல் தொழில் செய்யும் என் சக பயந்தாங்கொள்ளிகளே, பையில் ஒரு நட்டு கிடைத்தால், பைக்கை எடுப்பதற்கு முன் சொந்த வீட்டில் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.