எண்களைத் திருத்தி வாசித்தவன்

காலையில் தயாரிப்புக் கூட்டத்தில் இருந்தபோது ரோஸ்லின் அழைத்தாள். "அவுக போய்ட்டாக, அண்ணே" என்றாள். அவள் கணவன் ஜெயசீலன் மஞ்சள் காமாலை முற்றி மருத்துவமனையில் கிடந்தது எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்றே மூன்று நாளைக் கழித்திருந்தேன். வருகிறேன் என்று போனை வைத்தேன். கூட்டத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவனுக்கு வயது முப்பத்து நான்கு.

திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். அவன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கட்டிங் மாஸ்டர். நான் பக்கத்துச் சேவூர்க்காரன், அந்தப் பிரிவுக்குச் சூப்பர்வைசர். தேவாலயத்தில் அவன் பேஸ் கிதார் வாசிப்பான் என்று தெரிந்த பிறகுதான் நெருங்கினோம். எனக்குக் கிதார் பைத்தியம். சாயப்பட்டறை அலுவலகத்தில் இருந்த பிரகாஷ் டிரம்ஸ். ஞாயிறு மதியங்களில் எங்கள் துணிக் கிடங்கில் கூடுவோம். நாலு பக்கமும் அடுக்கிய துணி ரோல்கள் சத்தத்தை வெளியே விடாது.

பிரௌசிங் சென்டரில் நான் ஆங்கில ராக் பாட்டுகளுக்கு 'டேப்' அச்சடித்து வருவேன். நான்கு கோடுகள், பேஸின் நான்கு கம்பிகள். கோட்டின் மேல் எண்கள், கிதார் கழுத்தின் எந்தக் கட்டையில் விரல் வைப்பதென்று. சீலன் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆங்கிலத் தாள் என்று தயங்குவான் என நினைத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எண்ணப் பாத்துத் துணி வெட்டுறவனுக்கு எண்ணப் பாத்து வாசிக்க வராதால?" எந்தக் கட்டை என்று தாளில் இருந்தது, எவ்வளவு நேரம் என்று இல்லை. அதற்காக ஒரே பாட்டை எம்பித்ரீ சிடியில் வாரம் முழுக்கக் கேட்டு, மேஜையில் தட்டித் தட்டி மனதில் ஏற்றிக்கொண்டு வருவான். நானும் பிரகாஷும் அவசரப்பட்டு வேகமெடுத்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பான்.

2004-இல் ஒரு ஏற்றுமதி ஆர்டருக்கு நெருக்கடி. கட்டிங் மெஷின் ஓட்டும்போது துணியைப் பிடிக்கும் இடது கைக்கு இரும்பு வலைக் கையுறை போட வேண்டும். அவனுடையது கிழிந்திருந்தது. காலையிலேயே வந்து புதியது கேட்டான். "இன்னைக்கு ஒரு நாள் அது இல்லாமயே ஓட்டிருங்க சீலன், நாளைக்கு வாங்கீரலாம்" என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் போய்விட்டன.

மருத்துவமனையில் மேனேஜர் கேட்டபோது நான் கட்டிலருகே நின்றிருந்தேன். "நாந்தான் கையுறையக் கழட்டி வச்சேன், சார். என் கவனக்குறைவு" என்றான் சீலன். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை தப்பியது. அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிதாரோடு வந்தான். பழைய டேப் தாள்களில் எண்களை அடித்து, மீதி விரல்களுக்கு எட்டுகிற மாதிரி வேறு கம்பி, வேறு கட்டை என்று பென்சிலால் திருத்தியிருந்தான். வாசித்தான். சில இடங்களில் சுரம் தாமதமாக வந்தது, சில இடங்களில் வரவில்லை. பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூட அந்தக் கையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் எனக்கு வேலை இருந்தது, அல்லது இருப்பதாகச் சொன்னேன். குழு கலைந்தது. ஸ்டோர் வாசலில் ஒரு நாள் என்னை நிறுத்தினான்.

"என் கையப் பாக்க முடியாமத்தான் வராம இருக்கியா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க, வேலை" என்றேன்.

"நானே தெனமும் பாக்கேன். ஒனக்கு என்னல?"

அவன் கேட்டது அவ்வளவுதான். அதன் பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். வழியில் கண்டால் கையசைப்பான், நானும் அசைப்பேன்.

அடக்கம் முடிந்ததும் ரோஸ்லினிடம் போய், அன்று கையுறை இல்லாமல் ஓட்டச் சொன்னது நான்தான் என்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தெரியும் அண்ணே. அன்னைக்கே சொல்லிட்டாக. ஒங்ககிட்டக் கேக்கக் கூடாதுன்னும் சொன்னாக."

இதைப் படிக்கிற, அவனோடு வேலை செய்தவர்களே, கவனக்குறைவால் விரலை இழந்தவன் என்றுதான் நீங்கள் இத்தனை நாளும் நினைத்திருப்பீர்கள். அது உண்மையல்ல. தன் தொழிலில் அவன் ஒரு நாளும் அசந்தவன் இல்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது எனக்காக அவன் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதில்தான் இத்தனை வருடம் சம்பளம் வாங்கினேன். அவன் காதில் விழும்படி ஒரு நாள் அதைத் திருத்தியிருக்கலாம்.