பின்னறைச் சுவரும் ஒரு கேசட்டும்

போன மாதம் நான் ஒரு டேப் ரிக்கார்டர் முன்னால் நின்று பேசினேன்.

என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள். பஸ்ஸில் "இறங்கணும்" என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருகிற ஆள் நான். எழுதுவது சுலபம் – எதிரில் யாரும் நிற்பதில்லை!

விஷயம் இதுதான். என் மனைவி டீச்சர். காரைக்காலில் சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு மாற்றல் என்றால் பெரும்பாலும் பாண்டிச்சேரிதான். நடுவில் சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று வேறு மாநிலத்தையே தாண்டிப் போக வேண்டும். இரண்டு வருடமாக அவளும் பிள்ளைகளும் அங்கே ஒற்றை அறையில், வாடகைக்கு. நான் இங்கே தலத்தெரு வீட்டில், தினமும் எனக்கு நானே ரசம் வைத்துக்கொண்டு. இந்த வீட்டை விற்றால்தான் அங்கே ஒன்று வாங்க முடியும். நானும் போய்ச் சேர முடியும்.

விற்க வேண்டியதுதானே? பின்னறைச் சுவர் விடவில்லை.

அந்த அறையை அப்பா பிற்பாடு சேர்த்துக் கட்டினார். பக்கத்திலேயே கடற்கரை இருக்கும்போது ஆற்று மணலுக்கு எதற்கு அலைவது என்று, கடல் மணலை வண்டி வண்டியாகக் கொண்டு வந்து கொட்டினார். அறையின் மூன்று பக்கமும் ஏற்கெனவே இருந்த பழைய வீட்டுச் சுவர்கள், தப்பித்தன. நாலாவது சுவர் அந்த மணலில் எழும்பியது. கடலோரத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை! ஐப்பசி பிறந்தால் போதும், சுவரில் உப்புப் பூக்கும். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உதிரும். வீடு பார்க்க வந்த மூன்று பேரும் அந்த அறை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதோடு சரி.

தரகர்தான் வழி சொன்னார்.

"இப்ப வெயில் காலம் சார். செவுரு நல்லா காஞ்சு கெடக்கு. சுரண்டிட்டு ரெண்டு கோட் டிஸ்டெம்பர் அடிச்சு வுடுங்க. மழைக்குள்ள பத்திரம் முடிஞ்சிரும்."

அடித்தேன். என் கையாலேயே. இளம்பச்சை.

நாலாம் நாள் தரகரோடு வீடு பார்க்க சபுரா வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கணவர் துபாயில். தோளில் ஒரு டேப் ரிக்கார்டர் தொங்கியது. வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடுகளில் இப்போது கடிதம் குறைந்துவிட்டது. கேசட்டில் பேசி, பயணம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள்.

வாசலிலேயே சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். வீட்டுக்குள்ள நுழையறேன், கூடவே வாங்க. இது கூடம். நீங்க குறுக்க படுத்தாக்கூட கால் இடிக்காது... இது அடுப்படி. பொகை நேரா அடுத்த வீட்டுக்குப் போவுது, நமக்குக் கவலையில்ல... கெணத்துத் தண்ணி இனிக்குது மச்சான். நம்ப மாட்டீங்க. இந்தாங்க, ஊத்தறேன், கேளுங்க!"

வாளியை மைக் பக்கத்தில் வைத்து மளமளவென்று ஊற்றினார். இனிப்பு எப்படிக் காதில் கேட்கும்? ஆனால் நான் நாற்பது வருடம் குடித்த தண்ணீர் அன்றைக்கு எனக்கே புதிதாக இருந்தது. என் வீட்டை இத்தனை அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னறைக்கு வந்தோம்.

"இது மாமிக்கு. உங்க உம்மாவுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்குல்ல, தனியா காத்தோட்டமா படுத்துக்கட்டும்... செவுரு பளபளன்னு இருக்கு. இருங்க, வீட்டுக்காரவங்களே ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க."

மைக் என் மூக்குக்கு நேரே வந்துவிட்டது.

கேசட் சுற்றுகிறது. என் மனைவி தெரிகிறாள், அந்த ஒற்றை அறை தெரிகிறது. கூடவே, பார்த்தே இராத ஒரு வயதான அம்மா, மழைக்காலத்தில் இந்தச் சுவரோரம் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு...

"வணக்கம்ங்க," என்றேன். "இந்தச் செவுரு கடல் மணல்ல கட்டினது. மழை வந்தா உப்புப் பூக்கும், ஈரம் நிக்கும். பெயின்ட் நான்தாங்க அடிச்சேன். மறைக்கத்தான். அம்மாவை இங்க படுக்க வைக்காதீங்க."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அதை அழிச்சிட்டு மறுபடி பேசும்மா!"

"எதுக்கு அழிக்கணும்? மச்சானுக்குப் போற கடுதாசி அது."

பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு நான் ரசம்கூட வைக்கவில்லை. மனைவிக்கு என்னவென்று எழுதுவது?

மறுநாள் காலையில் வாசலில் மறுபடியும் சபுரா. கூடவே ஒரு கொத்தனார்.

"அந்த ஒரு செவுத்த இடிச்சிட்டு ஆத்து மணல்ல எழுப்பிக்கிறேன். இடிக்கிற கூலி உங்களுது. பத்திரம் எப்ப வச்சுக்கலாம்ண்ணே?"

"உங்க வீட்டுக்காரர் கேசட் கேக்க வேணாமாங்க?"

"நான் பாத்தா அவங்க பாத்த மாதிரிதான்."

"மத்த செவுரையெல்லாம் கொத்தனார் ஒருவாட்டி பாக்கட்டுமே..."

சபுரா சிரித்தார். "வீடே அழுக்கா நிக்குது, அது ஒன்னு மட்டும் பெருநாள் சட்டை போட்டிருக்கு. தெரியாமலாண்ணே உங்ககிட்ட மைக்க நீட்டினேன்? மத்ததுல கோளாறு இருந்தா அதையும் சொல்லியிருப்பீங்க."

பத்திரம் முடிந்துவிட்டது. இதை எழுதும்போது பக்கத்தில் மூட்டை முடிச்செல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலை பஸ்.

வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். சபுரா தட்டிப் பார்த்தது என்னை!