கை நனைத்துவிட்டுப் போங்கள்

தில்லி முனிர்காவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் நான் பியூனாக இருக்கிறேன். மனிதர்களின் பழக்கவழக்கங்களை ஆராயும் துறை அது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் பல வருடங்களாக அந்த வகுப்பறைக்கு டீ கொண்டுபோய், படம் காட்டும் திரையை இறக்கி ஏற்றியதில், அங்கே பேசுவது பாதியாவது புரிய ஆரம்பித்திருந்தது. எங்கோ மலையில் வாழ்பவர்கள் விருந்தாளியை எப்படி உட்காரவைக்கிறார்கள், பெண் கொடுக்க எத்தனை மாடு கேட்கிறார்கள் என்றெல்லாம் காட்டுவார்கள். மாணவர்கள் சிரிப்பார்கள். ஓரமாக நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருமுறை அங்குள்ள பேராசிரியை அம்மா எனக்கு இந்தியில் விளக்கினார். எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றும் தெரியாதவனைப் போல உட்கார வேண்டுமாம். அவர்கள் சொல்வதை விட்டுவிட்டுச் செய்வதைப் பார்க்க வேண்டுமாம். என் மகளைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, பயத்தை மறக்க நான் அதைச் செய்து பார்த்தேன்.

மகள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அன்று காலையில் என்னிடம் வந்து, "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் டியூட்டிக்குப் போவேன்ப்பா. இத மொதல்லயே சொல்லிடுங்க. அவங்க முடியாதுன்னா அச்சா, சரின்னு அதோட விட்டுடலாம்" என்றாள். நீயே சொல்லேன் என்று கேட்டுப் பார்த்தேன். பெண் வாயைத் திறந்தால் வாயாடி என்பார்கள், ஆம்பிளைதான் பேச வேண்டும் என்று என் மனைவி முடித்துவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம். குளிக்கும்போது அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து நான்கு பேர் வந்தார்கள்: பையன், அப்பா, அம்மா, தாய்மாமன்.

இந்த இனத்தார் வந்த காரியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. முதல் அரைமணி நேரம் வந்த வழியைப் பற்றிப் பேசினார்கள். எந்த மெட்ரோ, எங்கே மாறினார்கள், ஆட்டோக்காரன் எங்கெல்லாம் சுற்றினான். பிறகு தில்லித் தண்ணீர். பிறகு விழுப்புரம் பக்கத்தில் யாருக்கு யார் உறவு. ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. பெண்ணின் தகப்பன் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மகள் கேசரி கொண்டுவந்தபோது ஒவ்வொருவரும் இரண்டு தடவை வேண்டாம் என்றுவிட்டு மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் என்னையே பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கேசரியைக் கிளறியபடி பையனின் அம்மா, "எங்க வீட்ல பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல" என்றார், யாரையும் பார்க்காமல்.

இதுதான் நேரம். வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதற்குள் பையனின் அப்பா, போய்ப் பேசிவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார். எல்லோரும் செருப்புப் பக்கம் நகர்ந்தார்கள். இனியும் பேசாவிட்டால் பேசவே முடியாது என்று வாயைத் திறந்தேன்.

"கை நனைச்சிட்டுப் போகலாமே."

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைச் சாப்பிடச் சொல்லாமல் நான் அனுப்பியதே கிடையாது. வாய் அப்படிப் பழகிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்த இடத்தில் பலகாரம் தின்னலாம், சோறு தின்னக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

தாய்மாமன் சிரித்தார். "இவ்ளோ நேரம் வாயே தெறக்கல மனுசன். தெறந்தாரு, காரியத்தையே முடிச்சிட்டாரு."

பையனின் அப்பா மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மறுபடி உட்கார்ந்தார். "அப்பறம் என்ன, தட்டு போடச் சொல்லுங்க" என்றார் பையனின் அப்பா.

வகுப்பில் இதைப் படமாகக் காட்டியிருந்தால் மாணவர்கள் சிரித்திருப்பார்கள்.

அடுக்களைக்குப் போனேன். குக்கர் சத்தத்தில் மகளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"அவங்க சாப்பிட உக்காந்துட்டாங்கம்மா."

தில்லியில் பிறந்தவள். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எத்தன தட்டு?" என்று கேட்டாள்.

"நாலு" என்றேன்.