சைதூன் பீவியின் பத்தியம்

ஊருக்கு வந்த மூன்றாவது வாரமே கிதிர் முகம்மது பெண்டாட்டியின் தட்டில் கை வைத்தார். சோற்றில் பாதியை அள்ளிச் சட்டியில் திருப்பிப் போட்டார். "இனிமே உனக்கு இவ்வளவுதான். எனக்கும் இவ்வளவுதான்" என்றார். சைதூன் பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்த வீட்டில் ஆள் இருந்ததில்லை.

சவூதியில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர் அவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. அத்தனை லீவையும் கூட்டினாலும் அவளோடு குடும்பம் நடத்தியது மூன்று வருஷத்தை எட்டாது. மகன் பிறந்ததையும் மகள் பிறந்ததையும் போனில்தான் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது கல்யாணமாகி வெளியூரில். தென்காசி வீட்டில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். அவருக்கு வேண்டியதும் அதுதான். "ஏட்டி, இனிமேதான் நமக்கு வாழ்க்கையே" என்று வந்த அன்றைக்கே சொன்னார். அறுபது வயசில் புது மாப்பிள்ளை மாதிரிப் பேசுகிறாரே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அவர் கொண்டுவந்த சாமான்களில் சர்க்கரை வியாதியும் ஒன்று. பத்து வருஷத்துச் சொத்து. இங்கே டாக்டரிடம் காட்டப் போன இடத்தில் அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அவளுக்கும் இருந்தது. டாக்டர் இரண்டு பேருக்கும் மாத்திரை எழுதினார். சோற்றைக் குறையுங்கள், எடையைக் குறையுங்கள், தினம் நடங்கள் என்றார். வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார்கள். கிதிர் முகம்மதுவுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பெண்டாட்டியோடு சேர்ந்து செய்ய ஒரு காரியம் கிடைத்துவிட்டதே!

விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு இரண்டு பேரும் குற்றாலம் ரோட்டில் நடந்தார்கள். அவர் விறுவிறுவென்று முன்னால் போவார். "ஏங்க, ஃபிளைட்டப் பிடிக்கவா போறிய? மெல்லப் போங்க" என்று அவள் பின்னாலிருந்து கத்துவாள். காலையில் கேப்பைத் தோசை, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் கீரையும் மீனும், ராத்திரி இரண்டு சப்பாத்தி. கல்யாண வீட்டில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்து கறியை மட்டும் பொறுக்கித் தின்றார்கள். சொந்தக்காரர்கள் கேலி பண்ணித் தீர்த்தார்கள். வாரம் ஒரு நாள் மருந்துக்கடை மெஷினில் ஏறி எடை பார்த்தார்கள்.

வைகாசியில் அவர் நாலு கிலோ குறைந்திருந்தார், அவள் ஆறு. சாரல் விழுந்து அருவியில் கூட்டம் மொய்க்கும் நேரத்தில் அவள் பதினொன்று. "மாஷா அல்லாஹ்! எம் பொஞ்சாதியப் பாத்துப் படிச்சுக்கிடுங்கலே" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் "போதும்" என்று தட்டைத் தள்ளுவாள், கெட்டிக்காரி என்பார். முதுகு வலிக்கிறது என்பாள்; "நடந்தா வலிக்கத்தான் செய்யும், கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்" என்பார். அடப் பாவி மனுஷா!

பக்கத்து வீட்டில் இருந்த அவள் தங்கை நஸீபா ஒரு நாள் வந்து நின்றாள். "மச்சான், லாத்தா இப்படிச் சோத்த ஒதுக்குத ஆளே இல்ல. எனக்கு என்னவோ பயமா இருக்கு."

"உனக்குப் பொறாமை. நீயும் நடந்து பாரு, தெரியும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

ஆடியில் மறுபடி ரத்தம் பார்த்தபோது அவருக்குச் சர்க்கரை அழகாக இறங்கியிருந்தது. அவளுக்கு ஏறியிருந்தது, முதல் தடவையைவிட அதிகம். "அம்மா, பசிக்குதா? நல்லா சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறக்கும் முன் இவர் முந்திக்கொண்டார்.

"பத்தியமெல்லாம் சரியா இருக்கு டாக்டர். எனக்குத் தெரியாம இனிப்பு திங்கா போல. நான் பாத்துக்கிடுதேன்."

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஒரு மாதத்தில் வரச் சொன்னார், எடை இன்னும் இறங்கினால் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். கிதிர் முகம்மதுவின் காதில் மாத்திரை மட்டும்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினார். பீரோவில் அவள் சேலைகளுக்கு அடியில் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை, அகப்படாததில் கோபம் இன்னும் ஏறியது.

"ஏட்டி, எங்க வச்சிருக்க? நான் ஒருத்தன் வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன், நீ ஒளிச்சு வச்சுத் திங்கியோ?"

"அல்லாஹ் மேல ஆணையா நான் எதையும் தொடலங்க. எனக்குத் திங்கவே பிடிக்கல."

"அப்போ சர்க்கரை என்ன, வானத்துல இருந்தா விழுந்துச்சு?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. தனியாகவே நடக்கப் போனார். அவர்களுக்குக் கிடைத்ததே கொஞ்ச நாள், அதில் மூன்று நாள்.

ஆவணியில் அவள் கண் மஞ்சளாயிற்று. அதையும் நஸீபாதான் பார்த்துச் சொன்னாள். திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு அங்கிருந்த டாக்டர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். பசி எப்போதிருந்து இல்லை? முதுகுவலி எத்தனை மாதமாக? முன்பெல்லாம் எவ்வளவு சாப்பிடுவார்கள்?

கிதிர் முகம்மது கூட வந்திருந்த நஸீபாவைத் திரும்பிப் பார்த்தார். முன்பெல்லாம் அவள் எவ்வளவு சாப்பிடுவாள்? லீவில் வரும்போதெல்லாம் வீட்டில் விருந்து. அவருக்குப் பரிமாறிவிட்டு அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. நஸீபாதான் பதில் சொன்னாள்: "பங்குனியிலயே பசி போயிட்டு டாக்டர். அதுக்கு முன்னால எங்க லாத்தா ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடுவா."

கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. புதுசாகச் சர்க்கரை வந்ததே அந்தக் கட்டியால் இருக்கலாம், உடம்பு இப்படி இறங்கியதும் அதனால்தான் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு வழி இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். "இனி பத்தியம் வேண்டாம். பிடிச்சதைக் கொடுங்க."

"கிலோ கொறைய கொறைய நான் கெட்டிக்காரி கெட்டிக்காரின்னு சொன்னேன் டாக்டர்" என்றார் கிதிர் முகம்மது. டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த நஸீபா முகத்தை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் நஸீபாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் என்றாள். தானே மாவு பிசைந்து பிழிந்தார், தேங்காய் துருவிப் பால் எடுத்தார், சீனியை அள்ளி அள்ளிப் போட்டார். அவளைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்தார். எடையே இல்லை.

"ஒரு வாய் ஏட்டி. எனக்காகத் தின்னு."

வாயில் வாங்கினாள். விழுங்க முடியவில்லை; பால் கடைவாயில் ஒழுகியது. அவர் உள்ளங்கையால் துடைத்தார்.

"இப்பமாவது நம்புதியளா?" என்றாள். "நான் ஒளிச்சுத் திங்கலங்க."

கிதிர் முகம்மது தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நம்புதேன் ஏட்டி. யா அல்லாஹ், நம்புதேன். நான் பாவி, என்னைய மன்னிச்சிரு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்த பார்வையா, வெறும் வலியா, தூக்கம் வருகிறதா? நஸீபா பக்கத்தில் இருந்திருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பாள். புருஷனுக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னால் மூச்சு அடங்கி மவுத்தாகிவிட்டாள்.