மஞ்சள் புள்ளி

டிக்கக்காவின் உண்மைப் பெயர் எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. காரில் உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டைக் கொண்டுபோய்ச் செருகுகிறோமே, அந்தப் பூட்டைச் சோதிக்கும் மேசையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். பெல்ட்டின் இரும்பு நாக்கைப் பூட்டுக்குள் செருக வேண்டும், டிக் என்ற சத்தத்தைக் கேட்க வேண்டும், வெடுக்கென்று ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பூட்டின் அடியில் பெயின்ட்டால் ஒரு புள்ளி. மஞ்சள் அவளுடையது. பக்கத்து மேசையில் இருந்த எனக்குப் பச்சை.

அவள் காது சாதாரணக் காது இல்லை. அத்தனை மெஷின் இரைச்சலில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே, "ஏய், இப்ப நீ செருகினது சரியில்ல, ஸ்பிரிங் சொங்கிடி" என்பாள். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் வளைந்திருக்கும். மற்ற பிரிவுகளிலிருந்து வேடிக்கை பார்க்க ஆட்கள் வருவார்கள். சூப்பர்வைசர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வருடங்கள் போகப் போக அக்கா இழுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மணிக்கட்டு வலி ஒரு காரணம். காதே போதும் என்ற நினைப்பு இன்னொரு காரணம். எண்ணிக்கை ஏறியதால் மேலே ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

பிறகு ஒருநாள் இழுவை மெஷின் படுத்துக்கொண்டது. ஐம்பதில் ஒரு பூட்டை அதில் மாட்டி முழு பலத்தோடு இழுத்து, வருகிற எண்ணைத் தாளில் எழுதுவது விதி. பழுது பார்க்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அதே வாரம்தான் வேறு ஏதோ ஒரு பட்டறையிலிருந்து புது ஸ்பிரிங் வந்து இறங்கியது. லைனை நிறுத்தலாமா என்று அக்கா கேட்டதற்கு சூப்பர்வைசர் சிரித்தார்.

"உங்க காது இருக்கறப்ப மெஷின் எதுக்குக்கா?"

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. தாளை நிரப்பியது நான். போன மாதத்து எண்களைப் பார்த்து, கடைசி இலக்கத்தை அங்கங்கே மாற்றி எழுதினேன். அப்போது கை கூசவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

எட்டு மாதம் கழித்து, ஒரு பள்ளி ஆசிரியர் ஓட்டிய கார் நின்றிருந்த லாரியில் மோதியது. பெரிய வேகம்கூட இல்லை. மனிதர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்து இறந்துபோனார். பெல்ட் சுருண்டு கிடந்தது, பூட்டு காலியாக இருந்தது. அவர் பெல்ட் போடவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவர் மனைவி விடவில்லை. போட்டிருந்தார் என்று எழுதி எழுதிப் போட்டு, கடைசியில் விசாரணை வந்தது. அந்தப் பூட்டில் மஞ்சள் புள்ளி. இழுவை மெஷின் படுத்திருந்த நாட்களில் செய்த பூட்டு.

வெள்ளிக்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பத்தொன்பது நாளும் இழுவைச் சோதனை நடந்தது என்று அதில் இருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்து. அந்த ஆளு பெல்ட்டே போடல. போடாத பெல்ட்டுக்கு நாம எதுக்குப் பதில் சொல்லணும்? திங்கக்கிழமை விசாரணையில இதையே சொல்லிட்டு வந்துடுங்க."

"வீட்டுல வச்சுப் படிச்சுட்டுத் தர்றேங்க" என்று அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்ததும் என்னிடம், "என் காதைத் தாண்டி ஒண்ணும் போயிருக்காதுடி" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பாவிட்டால் தூக்கம் வராதே.

அன்று சாயங்காலம் அக்காவின் மகள் காரில் கூட்டிப்போக வந்தாள். எங்கள் பூட்டு பொருத்திய கார்தான். வாங்கிய அன்று பூட்டைத் திருப்பி மஞ்சள் புள்ளியைக் கண்டுபிடித்து, "எம் புள்ளிடி!" என்று அக்கா தெருவுக்கே காட்டியவள். இப்போது அக்கா முன்னால், நான் பின்னால். பெரிய சாலையில் ஏறியதும் மகள் வேகம் எடுத்தாள். வலப்பக்கம் சரக்கு லாரிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன.

அக்கா தன் பெல்ட்டைக் கழற்றினாள். செருகினாள். டிக். வெடுக்கென்று இழுத்தாள். நின்றது. மறுபடி கழற்றினாள்.

"என்னம்மா நோண்டிட்டே இருக்க? சும்மா வாயேன்."

அக்கா மறுபடி செருகி இழுத்தாள். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து. எட்டு. ஒவ்வொரு முறையும் அதே டிக், சுத்தமான டிக். பத்து. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே முந்தியது. பதினொன்று. பன்னிரண்டாவது தடவை டிக் என்றது, இழுத்தாள், நாக்கு கையோடு வந்துவிட்டது.

சத்தத்தில் துளி வித்தியாசம் இல்லை. நானும் கேட்டேன்.

"வண்டிய நிறுத்து."

"நடு ரோட்டுலயாம்மா?"

"நிறுத்துடி!" அக்கா அலறினாள். அவள் மகளிடம் அப்படிக் கத்தி நான் பார்த்ததே இல்லை. மகளின் இடுப்புப் பக்கம் கையை விட்டு அவளுடைய பூட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஓரமாக நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. நின்றதும் அந்தப் பூட்டையும் திருப்பிப் பார்த்தாள். அதிலும் மஞ்சள்தான்.

சாலையோரத்தில் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அந்தச் சோதனைத் தாள்ல எண்ணெல்லாம் உன் கையெழுத்து. நான் வாயத் திறந்தா நீயும் மாட்டுவ. சொல்லட்டுமா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்காமலே சொல்லித் தொலைத்திருக்கலாம், இவள் ஏன் என் தலையில் இறக்குகிறாள் என்று. சனிக்கிழமை முழுக்க அவள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. அன்றே மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "தப்புன்னு சொன்னா உருளப்போறது உங்க தலைதான். புள்ளி உங்களுது" என்றாராம். அவர் சொன்னதில் பொய் இல்லை. வேலை போகும், வழக்கு வரும், ஜெயில்கூட வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவளைக் கூப்பிட்டேன்.

"சொல்லிடுங்கக்கா. எழுதினது நாந்தான்னு நானும் சொல்றேன்."

விசாரணை அறை சின்னது. மின்விசிறி மட்டும் பெரிதாகக் கத்தியது. மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பூட்டு. எதிர்ப்பக்க நாற்காலியில் ஆசிரியரின் மனைவி, மடியில் காகிதக் கட்டோடு. அதிகாரி கேட்டார், "இந்தப் பூட்டைச் சோதனை பண்ணிப் பாஸ் பண்ணது நீங்களா?"

"நாந்தாங்க. ஆனா சோதனை பண்ணல. சத்தத்தை மட்டும் கேட்டேன்."

கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. மெஷின் படுத்தது, ஸ்பிரிங் மாறியது, இழுத்துப் பார்க்காமல் விட்டது, பன்னிரண்டாவது தடவை கையோடு வந்தது என்று ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். எண்களை எழுதியது யார் என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன். மேனேஜர் எங்களைப் பார்க்கவே இல்லை.

வெளியே வராந்தாவில் ஆசிரியரின் மனைவி எங்கள் முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அன்னிக்குக் காலைல நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன்" என்றாள். "அந்த டிக் சத்தம் கேட்டுச்சு. பெல்ட் போட்டுட்டாருன்னுதான் உள்ள போனேன். சொன்னா ஒருத்தரும் நம்பல. போடச் சொல்லாம அனுப்பிட்டேன்னு எங்க மாமியார் எங்கூடப் பேசறதையே விட்டுட்டாங்க."

"நீங்க கேட்டது நெஜந்தாம்மா" என்றாள் அக்கா.

"இதை எங்க வீட்டுக்கு வந்து அவங்ககிட்ட சொல்லுவீங்களா?"

"இப்பவே வர்றேன்."

மூவரும் ஒரு டாக்சியில் பின்னால் ஏறினோம். நடுவில் அக்கா. டிரைவர் கண்ணாடியைச் சரிபார்த்து, பெல்ட்டை இழுத்துச் செருகினார். டிக் என்றது. அக்காவுக்கு அந்தப் பக்கம் ஆசிரியரின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா முன்னால் எக்கி அவர் தோளைத் தொட்டாள்.

"தம்பி, அதை ஒருதடவை நல்லா இழுத்துப் பாருங்க."