இரண்டு மூக்கு மணப்பெண்

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அலவத்துகொடையில் எங்கள் பக்கத்து வீட்டில் கல்யாணம். பெண்கள் பக்கத்துப் படங்களை எடுக்கும் பொறுப்பு என்னுடையது. கெமரா என் கைக்கு வந்து அப்போது முழுசாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

எங்கள் வீட்டு மூத்த பிள்ளை, கட்டாரில் வேலை செய்யும் என் நானா லீவில் வந்தபோது கொண்டுவந்து தந்தது அது. நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். வில்லை, குவியம் எல்லாம் கரும்பலகையில் கீறி விளக்குகிறவளுக்கு ஒரு கெமரா என்ன பெரிய விஷயம் என்ற எண்ணம் எனக்கு. முதலில் டயலை 'ஓட்டோ'வில் வைத்து முற்றத்துச் செவ்வரத்தைப் பூ, கண்டி வாவிக்கரைக் கொக்குகள், சோறு வடிக்கும் என் மாமி என்று கண்டதையெல்லாம் எடுத்தேன். நன்றாகத்தான் வந்தன. பிறகு ஒரு வீடியோவில் யாரோ ஒருவர், ஓட்டோவில் எடுக்கிறவர்களுக்குக் கெமரா எதற்கு என்று கேட்டுவிட்டார். சுருக்கென்றது. அன்றைக்கே டயலை 'எம்' என்ற எழுத்துக்குத் திருப்பினேன். அந்த மோட்டில் எல்லாவற்றையும் நாமேதான் தீர்மானிக்க வேண்டும். அந்த வீடியோக்காரர் வெயில் கொளுத்தும் கடற்கரையில் நின்றுகொண்டு சொன்ன எண்களை அப்படியே ஒரு துண்டில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து கேட்டாள்.

"ராத்தா, ஆம்பள கெமராக்காரர் எனக்கு வாணாம். சங்கடமா ஈக்கி. நீங்க எடுத்துத் தாறீங்களா?"

இன்ஷா அல்லாஹ் என்றேன். அவள் போனதும் அந்தத் துண்டை எடுத்து எண்களை இன்னொரு முறை பாடமாக்கினேன்.

கல்யாணத்தன்று காலை முற்றத்தில் எடுத்த படங்கள் பளிச்சென்று வந்தன. உள்ளே போனதும் எல்லாம் கறுப்பு. கடற்கரை எண்கள் வீட்டுக்குள் வேலை செய்யாது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆனால் நான்தான் விஞ்ஞான டீச்சராயிற்றே! கெமராவின் கதவு கூட நேரம் திறந்திருந்தால் கூட வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டரை மெதுவாக்கிக்கொண்டே போனேன். ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு வந்ததும் கெமராவின் குட்டித் திரையில் எல்லாம் பிரகாசமாகத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அதே எண்ணில் நின்றேன். மணப்பெண் உள்ளே வந்தது, உம்மாவைக் கட்டிப்பிடித்தது, மருதாணிக் கை, நகை பூட்டியது என்று இருநூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளினேன்.

பகல் சாப்பாட்டுக்கு சோறு குவித்த ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மாப்பிள்ளையின் சாச்சி, சின்னம்மா முறை. என் வயதுதான் இருக்கும். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "படத்தப் பாக்கேலுமா?" என்று கேட்டார். பெருமையோடு நீட்டினேன். அவர் ஒரு படத்தைப் பெரிதாக்கினார். இன்னொன்றைப் பெரிதாக்கினார். பிறகு கெமராவை என் பக்கம் திருப்பினார்.

மணப்பெண்ணுக்கு இரண்டு மூக்கு. மருதாணிக் கை புகையாகக் கலைந்திருந்தது. உம்மாவைக் கட்டிப்பிடித்த படத்தில் யார் உம்மா, யார் மகள் என்றே தெரியவில்லை.

"ஷட்டர் மெதுவு. கதவு தொறந்தீக்கிற நேரத்துக்குள்ள ஆள் அசைஞ்சிட்டா இப்பிடித்தான்" என்று மெதுவாகச் சொன்னார். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அவர் ஒரு விவசாய அலுவலகத்தில் வேலை செய்கிறாராம். நோய் பிடித்த இலைகளைப் படம் எடுப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதி. "இலைக்கும் மணப்பொண்ணுக்கும் ஒரே கொணம். ரெண்டும் அசையாம நிக்காது" என்றார். அழுகை வரப்போன இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சமையலறை ஓரமாக நின்று பத்து நிமிடத்தில் சொல்லித் தந்தார். அசைகிற ஆளுக்கு 'எஸ்': வேகத்தை மட்டும் நான் சொன்னால் போதும், மற்றதைக் கெமரா பார்த்துக்கொள்ளும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் முகத்துக்கு 'ஏ': பின்னால் இருப்பது எவ்வளவு மங்க வேண்டும் என்பது மட்டும் என் வேலை. கூச்சலும் அவசரமுமாக இருக்கும் இடத்தில் 'எம்' பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கெமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ.வைக் கடற்கரைக்குரிய நூறிலேயே நான் வைத்திருந்ததுதான் பெரிய பிழையாம். அதையும் கெமராவின் பொறுப்பில் விடச் சொன்னார்.

"நீங்களே எடுங்களேன்" என்று கெமராவை அவர் கையில் திணித்தேன்.

"நான் மாப்புள ஊட்டாள். என்னக் கண்டா அந்தப் புள்ள வெறைச்சிப் போயிருவா. ஒங்களக் கண்டாத்தான் சிரிப்பா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பெண்ணை அழைத்துப்போகும் கார் வாசலில் நின்றது. பிள்ளையிடம் சொல்லிவிட்டுத் திரும்ப எடுக்கப்போகிறேன் என்று சாச்சியிடம் சொன்னேன். உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு, மணப்பெண்ணிடமும் அவள் உம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். உம்மாவின் முகம் இருண்டது. பிள்ளை கெமராவை வாங்கிப் பார்த்தாள்.

"உம்மா, இங்க பாருங்க! எனக்கு ரெண்டு மூக்கு!"

சிரித்தாள் என்றால் அப்படி ஒரு சிரிப்பு. கண் மை கரைந்துவிடும் என்று பயந்து, கண்ணை ஒற்ற லேஞ்சியோடு ஓடிவந்த உம்மாவும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் அவசரமாக டயலை 'எஸ்'ஸுக்குத் திருப்பி, ஒரு செக்கனில் நூற்றி இருபத்தைந்தில் ஒரு பங்கை வைத்து, அமுக்கினேன்.

பிறகு யன்னலோரமாக ஒரு கதிரையைப் போட்டு அவளை உட்கார வைத்து, 'ஏ'யில் நிதானமாக எடுத்தேன். மருதாணிக் கையை, நகையை, உம்மாவோடு அவளை. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போனேன். எப்படியும் அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். கார்க்காரர் ஏன் இன்னும் ஹோர்ன் அடிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். சாச்சி மாப்பிள்ளை வீட்டுப் பெண்களைச் சுற்றி உட்கார வைத்து, "வட்டிலப்பம் இன்னம் ஒரு துண்டு சாப்புடாமப் போனா பொண்ணூட்டுக்காரர் கொறையா நெனப்பாங்க" என்று ஒவ்வொருவர் தட்டிலும் வைத்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் மூன்றாவது துண்டு. என்னைக் கண்டதும் கண்ணால் கேட்டார். தலையாட்டினேன். "அப்ப வாங்க, போவம்" என்று எழுந்துவிட்டார்.

யன்னலோரத்தில் நிதானமாக எடுத்த படங்கள் எல்லாமே நன்றாக வந்தன. ஆனாலும் அந்தப் பிள்ளையின் அல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது உம்மாவும் மகளும் லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கும் படம்தான். உம்மாவின் தலை மேற்பக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கிறது, அதை அவள் மாற்ற விடவில்லை.

இப்போது எனக்கு நான்கு மோட்டும் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் ஏதாவது ஒன்றைப் பிழையாகச் செய்துவிட்டு மறைக்கலாமா என்று மனம் தடுமாறும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சாத்திய அறைதான்: அன்றைக்கு வாயைத் திறந்து சொன்னதால்தான், பிழையைத் திருத்திக்கொள்ள எனக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது, வட்டிலப்பத்தோடு காவல் நிற்க ஒரு சிநேகிதியும் கிடைத்தார்.