நேரே கிங்ஸ்டனுக்கு

சிவபாதம் மாஸ்டரிடம் கார் பழகாத தமிழர் ரொறன்ரோவின் மல்வேர்னில் குறைவு. இருபத்தெட்டு வருடமாக ஒரே வேலை: பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு மற்றவர் ஓட்டுகிற காருக்கு வழி சொல்வது. அந்தப் பழக்கத்தில் அவருடைய வலது கால் எதில் ஏறினாலும் தன்பாட்டில் பிரேக் தேடும். பஸ்ஸில் தேடும். விமானம் இறங்கும்போது தேடும். ஒருமுறை பல் டொக்டரின் கதிரை பின்னால் சாய்ந்தபோது தேடி, பக்கத்திலிருந்த தட்டை உதைத்து விழுத்தியது.

அவரிடம் ஒரு கதை இருந்தது. பிறந்தநாள் வீடு, கலியாண வீடு, செத்தவீடு என்று பாராமல் சொல்வார்.

"ஒருத்தன் என்னட்டைப் பழக வந்தவன். கிங்ஸ்டன் ரோட்டிலை ஏத்தி, 'நேரை போம் தம்பி' எண்டனான். பிறகு ஒண்டும் சொல்லேல்லை. எப்ப வாயைத் திறந்து கேக்கிறானெண்டு பாப்பம் எண்டு பேசாமல் இருந்தன். கேட்டானோ? பிக்கரிங் போச்சு, ஏஜக்ஸ் போச்சு, விற்பி போச்சு, ஒஷாவாவிலை வந்து நிக்கிறம்! விட்டிருந்தால் ரோட்டு போய்ச் சேருற கிங்ஸ்டன் பட்டினத்துக்கே நேரை கொண்டுபோயிருப்பான்!"

சபை சிரிக்கும். அந்த ஆளின் பெயரை அவர் சொல்வதில்லை. அவ்வளவு தொழில் தர்மம் இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஆள் வேறொருவரிடம் போய் முதல் தரமே பாஸ் பண்ணியதையும் சொல்வதில்லை.

இந்தக் கதையை இரண்டு வருடத்துக்கு முன் சடுதியாக நிறுத்திவிட்டார். மகள் துர்க்கா, தான் விரும்பிய கீதனின் தாய்தகப்பனை வீட்டுக்கு அழைத்த நாள் அது. மாஸ்டர் கதவைத் திறந்தார். கேக் பெட்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றவர் எட்வேட். ஒஷாவா எட்வேட்.

இருவரும் ஒருவரையொருவர் அன்றுதான் முதல்முதல் கண்டதுபோலக் கைகொடுத்தார்கள். காலையில் தேவாலயம், மாலையில் ஐயர் என்று கலியாணம் நடந்தது. அதன்பிறகும் ஒருவர் வாயிலும் ஒஷாவா வரவில்லை. இரண்டு சம்மந்திகளுக்கும் இடையில் மரியாதை மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு போனது. தேத்தண்ணி வைத்தால் மற்றவர் குடிக்கட்டும் என்று இருவரும் பார்த்திருக்க, தேத்தண்ணி ஆறிவிடும்.

இதற்குள் மாஸ்டருக்கு இன்னொரு இரகசியமும் சேர்ந்திருந்தது. குறட்டை தாங்காமல் மனைவி மங்கையற்கரசி அவரை நித்திரை டொக்டரிடம் இழுத்துப் போயிருந்தாள். மணித்தியாலத்துக்கு நாற்பது தரம் மூச்சு நிற்கிறது என்றார் டொக்டர். கனகாலமாகவே இருந்திருக்கும் என்றார். பகலில், காரில் இருந்தபடி, நித்திரை வருவதுண்டா என்று கேட்டார். "எனக்கோ? சீச்சீ" என்றார் மாஸ்டர். ஆனால் வீடு வரும் வழியில் ஒஷாவா ஞாபகம் வந்தது. அன்று கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்ததாகத்தான் அதுவரை நம்பியிருந்தார்.

அன்றிலிருந்து இரவில், தண்ணீர் ஊற்றி வைத்தால் காற்று ஊதுகிற ஒரு சின்ன மெஷின், அதிலிருந்து ஒரு நீளக் குழாய், மூக்கில் ஒரு மாஸ்க். மங்கை அதைத் தும்பிக்கை என்பாள். எட்வேட்டின் மனைவி ஜெயமலர் சம்பந்தம் பேசிய அன்று, "வருத்தம் துன்பம் ஏதும்..." என்று இழுத்தபோது, "எங்கடை பரம்பரையிலை மருந்துக்குளிசை போட்ட ஆள் இல்லை" என்று சொல்லியாகிவிட்டது. எட்வேட் அந்தத் தும்பிக்கையைக் கண்டால் போதும், ஒஷாவாக் கணக்கு அவருக்கு உடனே சரிவந்துவிடும். மற்ற எவர் கண்டாலும் பரவாயில்லை, எட்வேட் காணக் கூடாது.

இந்த நிலையில்தான் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து பெற்றாருக்கு ஒரு பரிசு வாங்கினார்கள். கார்களையும் ஏற்றுகிற பெரிய பெரிக் கப்பல் ஒன்றில், ஏரி வழியே ஓர் இரவுப் பயணம். வெள்ளி பின்னேரம் ரொறன்ரோ துறையில் ஏறி, விடிய கிங்ஸ்டனில் இறங்கி, ஊர் சுற்றிப் பார்த்து, மத்தியானம் திரும்ப வேண்டும். இரண்டு அறை. மங்கை அதைக் கேட்டவுடனேயே பங்கு பிரித்துவிட்டாள்.

"நானும் ஜெயமலரும் ஒண்டிலை. கதைக்க எவ்வளவு கிடக்கு! நீங்கள் ஆம்பிளையள் மற்றதிலை படுங்கோ."

"உமக்கென்ன விசரே? நான் எப்பிடி மெஷினை..."

"தும்பிக்கையைப் போட்டுக்கொண்டு படுங்கோ. அந்த மனிசன் என்ன உங்களைக் காட்டுக்கே அனுப்பப்போறார்?"

மாஸ்டர் மெஷினை ஒரு பழைய கமராப் பையில் ஒளித்தார். பிளக் எங்கே இருக்குமோ என்று பன்னிரண்டடி வயர் ஒன்றையும் வைத்தார். பெரியில் ஏறுகிற இடத்தில் அதுதான் முதல் பிடிபட்டது. நெருப்புப் பிடிக்கும், இறங்கும்போது தருகிறோம் என்று ஒரு பெண் வாங்கி வைத்தாள்.

எட்வேட் பக்கத்திலேயே நின்றார். "உவ்வளவு நீளம் என்னத்துக்குச் சம்மந்தி?"

"ஃபோனுக்கு" என்றார் மாஸ்டர். "எனக்குத் தூரத்திலை வைச்சுக் கதைக்கிறதுதான் பழக்கம்."

அறை ஒரு புகையிரதப் படுக்கையறை அளவு. மேலே ஒரு கட்டில், கீழே ஒரு கட்டில், கால்மாட்டில் இரும்பு ஏணி, அதன் பக்கத்தில் ஒரேயொரு பிளக்.

"நீங்கள் மேலை படுங்கோ சம்மந்தி, காத்து வரும்" என்றார் மாஸ்டர்.

"ஐயோ, உங்கடை தலைக்கு மேலை நான் எப்பிடிக் காலை நீட்டுறது? நீங்கள் மேலை."

"எனக்கு முழங்கால் ஏறாது."

கடைசியில், மாஸ்டரின் தலைக்கு நேரே தன் தலையை வைத்துப் படுப்பதென்ற நிபந்தனையோடு எட்வேட் மேல்கட்டிலுக்குச் சம்மதித்தார்.

சாப்பாடு முடிந்ததும் பெண்கள் இருவரும் சிரித்தபடி தங்கள் அறைக்குப் போனார்கள். மாஸ்டரின் திட்டம் எளிது. எட்வேட் படுக்கட்டும். நன்றாய் உறங்கட்டும். பிறகு போய் மாஸ்க்கைப் போட்டு, அவர் எழும்ப முதல் கழற்றிவிடலாம். மேல்தட்டுக்கு வந்து கைபிடிக் கம்பியைப் பிடித்தார். எட்வேட்டும் வந்து பக்கத்துக் கம்பியைப் பிடித்தார்.

"நீங்கள் போய்ப் படுங்கோவன் சம்மந்தி. பேக்கரியிலை நாள் முழுக்க நிண்ட கால்."

"இல்லை, நீங்கள் முதல்ல படுங்கோ. நான் பின்னாலை வாறன்."

"எனக்குக் காத்து விருப்பம்."

"எனக்கும்."

காற்று இருவரையும் ஏரிக்குள் தள்ளப் பார்த்தது. எட்வேட்டின் தொப்பி போய்விட்டது. மாஸ்டரின் கண்ணில் தண்ணீர் ஓடியது. ஒரு மணித்தியாலம் போனது. சம்மந்தி படுக்க முதல் தான் படுப்பது மரியாதை இல்லை என்று எட்வேட் நினைத்தார். இந்த மனிசன் எப்போது தொலைவான் என்று மாஸ்டர் நினைத்தார். "நல்ல காத்து" என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

அப்போதுதான் நடாஷா என்று சட்டையில் பெயர் குத்திய பணிப்பெண், கையில் ஒரு போத்தலோடு வந்தாள். இருநூற்றுப் பதினாலாம் அறை ஐயா நீங்கள்தானே என்றாள். காற்றுக்கு மேலால் கேட்க வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினாள். "உங்கட நித்திரை மெஷினுக்குச் சுத்தமான தண்ணி! உங்கட மனுசி கேட்டவ! மாஸ்க்கை மறக்காமப் போடச் சொன்னவ!" அவளும் மட்டக்களப்புத் தமிழ்ப்பிள்ளை என்பதால், பொருள் விளங்கவில்லை என்று நடிக்கவும் வழியில்லை.

அவள் போய்விட்டாள். மாஸ்டர் போத்தலைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். வலது கால் பிரேக்கைத் தேடியது.

"குறட்டைக்கோ?" என்றார் எட்வேட் மெல்ல.

"அது... சும்மா ஒரு பாதுகாப்புக்கு. பெரிசாக் குறட்டை ஒண்டும் இல்லை."

"பரவாயில்லை மாஸ்டர். உங்கடை குறட்டை எனக்குப் புதுசில்லை."

மாஸ்டர் என்ற சொல் அவர் வாயிலிருந்து இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு வந்தது. இனி ஏரிக்குள் குதிப்பதைத் தவிர ஒளிக்க இடமில்லை என்று சிவபாதத்துக்கு விளங்கியது.

"எங்கை தொடங்கினது?" என்று கேட்டார்.

"போட் யூனியன் சந்தி தாண்டினவுடனை. நேரை போம் எண்டு சொன்னியள், சொல்லி முடிக்கேக்குள்ளை தலை சரிஞ்சிட்டுது."

"தட்டி எழுப்பியிருக்கலாமே, காணும்?"

"நீங்கள் மாஸ்டர். எப்பிடித் தட்டுறது? திரும்புவமெண்டால், இடப்பக்கம் திரும்பிறதை நீங்கள் இன்னும் எனக்குப் பழக்கேல்லை. வலப்பக்கமும் அடுத்த கிழமை எண்டனீங்கள்."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். அது உண்மை.

"ஏஜக்ஸ் சிக்னலிலை உங்கடை தலை கண்ணாடியிலை இடிபட்டது. என்ரை ஜக்கெட்டை மடிச்சு வைச்சனான்."

"அதுக்குப் பிறகு என்னை விட்டிட்டுப் போனது?"

"வீட்டிலை ரெண்டு சின்னப்பிள்ளையள் மாஸ்டர்" என்றார் எட்வேட், மன்னிப்புக் கேட்கிறவர்போல.

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"ஜெயமலருக்கும் சொல்லேல்லை. கலியாணம் பேசேக்குள்ளை சொல்லுற கதையே அது?"

மாஸ்டருக்குக் கோபப்படத்தான் முதலில் வந்தது. யார்மேல் படுவதென்று தெரியாததால் விட்டுவிட்டார். இத்தனை வருடமும் சபை சபையாகத் தான் சொல்லிச் சிரித்தது எவருடைய கதை என்று நினைக்க, காது மடல் சுட்டது.

அறையில் எட்வேட்தான் குழாயைப் பிடித்தார். தண்ணீர் ஊற்றினார். மெஷினின் சொந்த வயர் எட்டவில்லை. தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றினால்தான் மெஷின் பிளக்குக்கு எட்டும். மாஸ்டர் தலையை மாற்றினார். உடனே எட்வேட்டும் மேலே ஏறித் தலையை மாற்றினார். இப்போது ஏணி மாஸ்டரின் தலையணையை உரசிக்கொண்டு நின்றது. மாஸ்க்கைப் போட்டு ஒளிக்க ஒன்றுமில்லாமல் படுத்த மாஸ்டர், அடுத்த நிமிடமே உறங்கிப்போனார்.

கதவு இடிபட்டுத்தான் கண் முழித்தார். வட்டக் கண்ணாடியில் வெயில். மங்கை, கிங்ஸ்டன் என்று எழுதின துவாய் ஒன்றைத் தோளில் போட்டபடி வாசலில் நின்றாள். பின்னால் ஜெயமலர் ஐஸ்கிறீம் நக்கினாள்.

"இஞ்சருங்கோ, மணி என்ன தெரியுமே? பதினொண்டே முக்கால்! எட்டுக்கு வந்து தட்டினன், சத்தமே இல்லை. விடியவே இறங்கிப் போட்டியளெண்டு நினைச்சம்!"

மாஸ்டர் மாஸ்க்கோடு மேலே பார்த்தார். மேல்கட்டிலில் எட்வேட், சட்டை, காற்சட்டை போட்டு, சப்பாத்தை மடியில் வைத்து, தலை கூரையில் முட்டாமல் குனிந்தபடி இருந்தார்.

"எத்தினை மணிக்கு எழும்பினனீர்?"

"ஆறுக்கு. ஏணி உங்கடை தலைமாட்டிலை கிடக்கு, காலை வைச்சால் கிறீச்செண்டுது. அருமந்த நித்திரை, ஏன் குழப்புவான் எண்டு..."

"அவை கதவு தட்டேக்குள்ளையாவது...?"

"குரல் குடுத்தால் முழிச்சிடுவியள்."

"ஆறு மணித்தியாலம்! பாத்ரூமுக்கும் போகேல்லையோ?"

எட்வேட் இறங்கி, கிறீச் கிறீச்சென்று ஏணி கத்த, பாத்ரூமுக்குள் ஓடினார்.

பெரி வெளிக்கிட்டது. கிங்ஸ்டன் நகர மண்டபத்தின் கோபுரம் கண்ணாடிக்குள்ளால் மெல்லச் சிறுத்தது. இரண்டு ஆண்களும் அந்த ஊரில் கண்டது அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டில் மாஸ்டர் தொண்டையைச் செருமி, பழைய கதையைத் தொடங்கினார். இந்தத் தரம் பெயரோடு. நித்திரையோடும். ஜெயமலருக்குச் சிரித்துப் புரையேறியது. "முப்பது வருசம் என்னோடை இருந்திட்டு இதை எனக்குச் சொல்லேல்லையே!" என்று புருசனின் முதுகில் ஒன்று போட்டாள். மங்கை சிரிக்கவில்லை. "உந்தக் கதையை எத்தினை வீட்டிலை சொன்னியள், அத்தினை வீட்டிலையும் திருத்திச் சொல்லுங்கோ" என்றாள். மாஸ்டர் எண்ணிப் பார்த்தார். வருடக்கணக்காகும்.

இரவு துறையில் இறங்கியதும், வயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கார்த் திறப்பை எட்வேட்டிடம் நீட்டினார். பெண்கள் பின்னால் ஏறினார்கள். மாஸ்டர் பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து இருந்தார். கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருந்தார். வழி ஒன்றும் சொல்லவில்லை.

கிங்ஸ்டன் ரோட்டில் மோர்னிங்சைட் சிக்னல் தெரிந்தது. எட்வேட் வேகத்தைக் குறைத்தார். ஒருமுறை பக்கத்தில் பார்த்தார்.

"மாஸ்டர், இதிலை இடப்பக்கம் திருப்பட்டோ?"

இருபத்துநாலு வருடம் பிந்தி அந்தக் கேள்வி வந்தது. மாஸ்டரின் வலது கால் இல்லாத பிரேக்கை மெல்ல விட்டது.

"திருப்பும் தம்பி" என்றார். "கண்ணாடியைப் பாத்துத் திருப்பும்."